சொல் விளக்கம்: விஸ்காசிட்டி – பாகுநிலை

பெங்களூரு அல்சூரில் சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கும் சின்ன பெட்ரோல் காருக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி மாதிரி ஆயில் வேணாம்ப்பா, நல்ல கெட்டி ஆயிலா ஊத்து." வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தது 0 டபிள்யூ 20 என்ற ஆயில் வகை. உள்ளே போனது அதைவிடக் கெட்டியான 20 டபிள்யூ 50. ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் தலைப்பக்கம் டக்டக்கென்று சத்தம் வருகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது என்றார். மெக்கானிக் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதைத்தான் அவர் ஊற்றினார். பிழை 'கெட்டி' என்ற சொல்லிலேயே தொடங்கிவிட்டது.

தமிழில் கெட்டி என்றால் இளகாதது மட்டுமல்ல, உறுதியானது, நல்லது, ஏமாற்றாதது என்பதும்கூட. கெட்டித் தயிர், கெட்டிச் சட்னி, கெட்டி நகை, கெட்டிக்காரப் பிள்ளை. எதிர்ப்பக்கத்தில் தண்ணிப் பால், தண்ணிச் சாம்பார். பாலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்ற சந்தேகத்தோடு வளர்ந்த நாம், அதே கண்ணோடு ஆயில் டப்பாவையும் பார்க்கிறோம். கன்னடத்திலும் 'கட்டி' என்ற சொல் திடமானது, வலுவானது என்ற இரண்டு பொருளையும் தாங்கி நிற்கிறது. ஆகவே பெங்களூரில் எந்த மொழியில் பேசினாலும் இந்தக் குழப்பம் தீராது.

கொஞ்சம் படித்தவர்கள் 'அடர்த்தியான ஆயில்' என்பார்கள். அது இன்னொரு பிழை. அடர்த்தி என்பது ஒரே அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்குகிறது என்ற கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 850 கிராம்தான், அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. அடர்த்தியில் தண்ணீரைவிடக் குறைந்த ஆயில், ஓடும்போது மட்டும் தண்ணீரைவிடப் பல மடங்கு தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குத்தான் விஸ்காசிட்டி என்று பெயர். ஒரு திரவத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்கிப் போகும்போது உள்ளுக்குள்ளேயே எழும் தடை அது. இந்தத் தடையைப் பற்றி நியூட்டன் 1687இலேயே எழுதியிருக்கிறார்.

சொல் வந்த வழி அழகானது. லத்தீனில் 'விஸ்கும்' என்றால் ஐரோப்பாவின் மரங்களில் ஒட்டி வாழும் ஒரு வகைப் புல்லுருவி. அதன் பழத்துக்குள் பசைபோல ஒரு சாறு இருக்கும். அதிலிருந்து பிசின் காய்ச்சி, குச்சியில் பூசிப் பறவை பிடித்தார்கள். அந்தப் பிசினுக்கும் அதே பெயர். பசைபோல ஒட்டுவது என்ற பொருளில் 'விஸ்கோசுஸ்' பிறந்து, 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் போனது. நம் பக்கத்தில் பலாப்பாலை வைத்துப் பறவை பிடித்ததும் இதே வித்தைதான். நம் மாமரங்களில் தொற்றும் புல்லுருவியின் பழத்தைத் தின்னும் விரலளவுக் குருவி, விதை ஒட்டிக்கொண்டு விழாததால் கிளையில் உடம்பைத் தேய்த்து அதை விலக்கும். விதை அங்கேயே ஒட்டி முளைக்கும். கமர்ஷியல் தெருவில் விஸ்கோஸ் துணி வாங்குகிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பெயர்தான். 1892இல் அந்த இழைக்கான காப்புரிமை எடுத்தபோது, இடையில் உண்டாகும் கூழ் போன்ற கரைசலைப் பார்த்து வைத்த பெயர்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் நிலைபெற்றிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் 'பாகுநிலை', இலங்கைப் பாடங்களில் 'பிசுக்குமை'. இரண்டும் சமையலறையிலிருந்து வந்தவை. சர்க்கரை காய்ச்சும்போது முதலில் வருவது பிசுக்குப் பதம், பிறகு கம்பிப் பதம், அதற்கும் மேலே அதிரசத்துக்கு உருட்டும் பதம், கடலை மிட்டாய்க்குத் தட்டினால் சத்தம் வரும் பதம். பிசுக்குமை என்ற சொல் லத்தீன் மூலத்துக்கு நெருக்கமானது, பிசின் என்ற பழைய பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. ஆனால் எஞ்சின் விஷயத்தில் என் ஓட்டு பாகுநிலைக்கு. பிசுக்கு என்றதும் நமக்கு நினைவு வருவது அடுப்பு மேடையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. கையில் ஒட்டுவது வேறு, ஓடத் தயங்குவது வேறு. பாகு என்றால் சூட்டோடு அதன் ஓட்டமும் மாறும் என்பது கேட்டவுடன் புரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பாகு சூடாக்கச் சூடாக்க இறுகுகிறது, ஆயில் இளகுகிறதே? பாகு இறுகுவது தண்ணீர் ஆவியாகிப் போவதால். அடுப்பிலிருந்து இறக்கிய பாகு சூட்டில் சரசரவென்று ஓடுவதும், ஆறியபின் கரண்டியோடு கட்டிக்கொள்வதும்தான் ஆயிலுக்கு ஒப்பு. மைசூர்பாகு கிளறியவர்களுக்கு அந்த ஒரு நிமிட வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

'மசகு எண்ணெய்' என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் மசகு என்றால் வண்டி அச்சுக்குப் போடும் மை. இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நாம் கச்சா எண்ணெய் என்று சொல்வது. எஞ்சினுக்கு ஊற்றுவதை 'உயவு எண்ணெய்' என்று எழுதினால் இரு பக்கமும் குழப்பமில்லை.

இனி டப்பாவின் மேல் உள்ள எண்கள். அமெரிக்காவில் 1905இல் தொடங்கிய வாகனப் பொறியாளர் சங்கம், சுருக்கமாக எஸ்.ஏ.இ., 1911இல் முதன்முதலாக ஆயில்களைப் பாகுநிலைப்படி வகை பிரித்தது. அதன் வளர்ந்த வடிவம்தான் இன்றும் உலகம் முழுதும் நடைமுறையில் இருக்கிறது. டபிள்யூ என்றால் எடை என்று ஜே.சி. ரோடு வண்டி உதிரிப்பாகக் கடைகளில்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எடை அல்ல, குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் நிற்கும் எண், கடுங்குளிரில் எஞ்சின் சுற்றுமா, பம்ப் ஆயிலை இழுக்குமா என்ற சோதனையின் பெயர். அது வெப்பநிலையும் அல்ல. 0 டபிள்யூ ஆயிலைச் சுற்றிப் பார்ப்பது உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியில், 5 டபிள்யூவை 30இல், 10 டபிள்யூவை 25இல், 15 டபிள்யூவை 20இல், 20 டபிள்யூவை 15இல். பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறி 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது உள்ள பாகுநிலை. அதை அளக்கும் அலகு செண்டிஸ்டோக்ஸ். 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள் செண்டிஸ்டோக்ஸ், 20 என்றால் 6.9 முதல் 9.3க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். 2013இல் 20க்கும் கீழே 16 என்ற வகையும் சேர்ந்தது.

பலர் கேட்பது: 5 டபிள்யூ 30 என்றால் குளிரில் 5, சூட்டில் 30, அப்படியானால் சூட்டில் ஆயில் கெட்டியாகிறதா? இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோலின் எண்கள். எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். ஒரு சாதாரண 5 டபிள்யூ 30, 40 டிகிரியில் 60, 70 செண்டிஸ்டோக்ஸ் இருக்கும், 100 டிகிரியில் 10, 11க்கு இறங்கிவிடும். அந்த இறக்கம் மிகப் பெரிதாகிவிடாமல் பார்த்துக்கொள்ள, சூட்டில் விரியும் நீண்ட மூலக்கூறுகளை ஆயிலில் சேர்க்கிறார்கள். தண்ணீர் 20 டிகிரியில் ஒரு செண்டிஸ்டோக்ஸ். ஆக, கொதிக்கும் எஞ்சினுக்குள்ளேயும் 5 டபிள்யூ 30 நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைவிடப் பத்து மடங்கு தயங்குகிறது, அந்த 'தண்ணி மாதிரி' 0 டபிள்யூ 20கூட ஏழெட்டு மடங்கு. சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் முதல்முறையாக அவர் முகம் மாறியது.

அவருக்கு வந்த அடுத்த சந்தேகம் நியாயமானது. பெங்களூரில் எப்போது உறைபனி விழுந்தது? இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. மிக அதிகம் 2016 ஏப்ரலில் 39.2. அப்படியிருக்க முன்னால் உள்ள எண் 0 ஆக இருந்தால் என்ன, 20 ஆக இருந்தால் என்ன? வண்டி நகராமல் நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் எஞ்சின் தேய்வதில் கணிசமான பகுதி, ஆயில் கீழே சட்டியில் இறங்கிக் கிடந்து, ஸ்டார்ட் ஆனதும் மேலே ஏறிச் சேரும் வரையான நொடிகளில் நடக்கிறது. டிசம்பர் காலை 15 டிகிரியில் 20 டபிள்யூ 50 அந்தப் பயணத்துக்கு அதிக நேரம் எடுக்கும். சித்தப்பா கேட்ட டக்டக் சத்தம் அந்த நொடிகளின் சத்தம்.

புதிய எஞ்சின்களில் பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய சந்துதான் இருக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பொறியும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. எந்தப் பாகுநிலையில் இவை சரியாக வேலை செய்யும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தச் சந்துகளையே வடிவமைக்கிறார்கள். தேவைக்கு மேல் கெட்டியாக ஊற்றினால், பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி அழுத்தம் குறைக்கும் வால்வு வழியே சட்டிக்கே திரும்பும், உராய்வில் பெட்ரோல் வீணாகும். தேவைக்குக் கீழே போனாலும் ஆபத்துதான்: இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள ஆயில் படலம் அறுந்துவிடும். பழைய அம்பாசடர் காலத்து எஞ்சின்களுக்கு 20 டபிள்யூ 40 பொருந்தியது. சித்தப்பாவின் அனுபவம் அங்கிருந்து வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்த வண்டிகளை அவர் பிள்ளைபோலப் பார்த்தவர்.

மே மாதம் ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் போகிறோமே, அந்த வெயிலுக்காவது கெட்டி வேண்டாமா என்று சித்தி கேட்டார். வெளியே 42 டிகிரி அடித்தாலும், ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் எஞ்சின் தண்ணீரை 90 டிகிரி பக்கத்திலேயே வைத்திருக்கும். ஆயிலின் சூடும் பெரிதாக ஏறாது. கையேட்டில் அனுமதித்த பாகுநிலைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், நிறையப் பாரத்தோடு மலையேறுபவர்கள், ஆயில் குடிக்கத் தொடங்கிய பழைய வண்டிக்காரர்கள் அதில் ஒரு படி மேலே எடுக்கலாம். கையேட்டைத் தாண்டக் கூடாது. சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நின்று நின்று போகும் வண்டிக்கு நான் செய்யச் சொல்வது ஆயிலைக் கெட்டியாக்குவதை அல்ல, கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று போட்டிருக்கும் கெடுவின்படி சீக்கிரம் மாற்றுவதை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைவடிகட்டி இருந்தால் பாகுநிலை மட்டும் பார்த்தால் போதாது, சாம்பல் குறைந்த ஆயில் வகையையும் பார்க்க வேண்டும். வீட்டு பைக்குக்குக் கார் ஆயிலை ஊற்ற வேண்டாம், அதன் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது.

'கிரேடு' என்பதற்குத் தமிழில் தரம் என்று எழுதுகிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது. 50 என்றால் 20ஐவிட உயர்ந்த தரம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பதம் என்று எழுதலாம். கம்பிப் பதம் பிசுக்குப் பதத்தைவிட உயர்ந்தது என்று எந்தச் சமையல்காரரும் சொல்லமாட்டார். எந்தப் பலகாரத்துக்கு எந்தப் பதம் என்பதுதான் அங்கே கேள்வி. 5 டபிள்யூ 30 என்பதை 'குளிர்ப்பதம் 5, சூட்டுப்பதம் 30' என்று படித்துக் காட்டியபோது சித்திக்கு உடனே புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரும் மாற்றி, 0 டபிள்யூ 20 ஊற்றினோம். அதே மெக்கானிக்தான். "அண்ணா, இந்த வண்டிக்கு எந்தப் பதம்னு மூடியிலேயே எழுதி ஒட்டிடலாமா?" என்று கேட்டார். வெள்ளை டேப்பில் எழுதி, ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.