100 டிகிரி, 30 நொடி: கருப்பை வாயில் வெப்பம் செய்யும் வேலை

கருப்பை வாயில் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதில்லை. எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ், குறிப்பாக அதன் 16, 18 ஆகிய வகைகள், மேற்தோலின் அடி அடுக்குச் செல்களில் குடியேறி ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் அந்தச் செல்களின் வளர்ச்சி தடம் மாறுகிறது. பெரும்பாலானோருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே ஓரிரு ஆண்டுகளில் வைரஸை அடக்கிவிடும். அடங்காமல் போனாலும், மாற்றம் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடிக்கும். மாறிய செல்கள் மேற்தோலைத் துளைத்துக் கீழே இறங்காதிருக்கும் அந்தக் காலத்திலேயே அவற்றைச் சுட்டு அழிப்பதுதான் வெப்பச் சிகிச்சை.

சுட வேண்டிய இடம் எது? கருப்பை வாயின் வெளிப்பக்கத்தைத் தட்டையான செல்கள் பல அடுக்காக மூடியிருக்கின்றன. உள்ளே போகும் குழாயில் சளி சுரக்கும் செல்கள் ஒரே அடுக்காக இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லை வயதோடு இடம் மாறும். அது நகர்ந்து வந்த வளையத்துக்கு உருமாற்றப் பகுதி என்று பெயர். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களில் ஏறக்குறைய எல்லாமே இங்குதான் தோன்றுகின்றன. அதனால் பரிசோதனையில் அமிலம் தடவும்போது வெள்ளையாகத் தெரியும் திட்டை மட்டும் சுட்டால் போதாது, வளையம் முழுவதும் சூடு பட வேண்டும். ஆழமும் முக்கியம். மேற்தோல் ஆங்காங்கே குழிந்து உள்ளே போகிறது. மாறிய செல்கள் அந்தக் குழிகளுக்குள்ளும் இறங்கும். அனேகமாக எல்லாமே 4 மி.மீ. ஆழத்துக்குள் அடங்கிவிடும். 100 டிகிரி செல்சியஸில் உள்ள உலோக முனையை 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடித்தால் சேதம் ஏறத்தாழ அந்த ஆழம் வரை போகிறது. மேற்பரப்பில் செல்லுக்குள் இருக்கும் நீர் கொதித்துச் செல் சிதைகிறது. உள்ளே போகப் போகச் சூடு குறைந்தாலும், அங்குள்ள புரதங்களை உறையவைக்க அது போதும்.

ஜெர்மனியின் மகளிர் மருத்துவர் குர்ட் செம் 1960களில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது இதைக் 'குளிர் உறைவு' என்றார்கள். பல நூறு டிகிரியில் திசுவைக் கரிக்கும் மின்சூட்டோடு ஒப்பிட்டால் 100 டிகிரி குளிர்ச்சிதான்! குழப்பும் பெயர் என்பதால் அது இப்போது வழக்கொழிந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. கடும் குளிரால் உறையவைத்து அழிக்கும் பழைய முறைக்குக் கனமான வாயு சிலிண்டர் வேண்டும். 3 நிமிடம் உறையவைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம் உறையவைக்க வேண்டும். வெப்பக் கருவியோ பேட்டரியில் ஓடும், கையில் அடங்கும். சிறு சுகாதார நிலையத்தில் பரிசோதித்த அன்றே சிகிச்சையையும் முடித்துவிடலாம். பெண்களை இன்னொரு நாள் வரச் சொன்னால் பலரால் திரும்பி வர முடிவதில்லை என்பதால் இது மிகப் பெரிய நன்மை.

யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துக் கருப்பை வாயைத் தெளிவாகப் பார்த்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய பகுதி வெளுத்துத் தெரியும். பிறகு சளியையும் ரத்தத்தையும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சிகிச்சையே வீணாகும், ஏனென்றால் நடுவில் தங்கும் ஈரம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. முனை எங்கும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். ஒரு தடவையில் வளையம் முழுவதும் அடங்காவிட்டால், முந்தைய வட்டத்தின் மேல் சற்று ஏறும்படி அடுத்த வட்டத்தை வைக்க வேண்டும். யோனியின் பக்கச் சுவர் தளர்ந்து உள்ளே சரிந்தால் அதில் சூடு பட்டுவிடும். நுனி வெட்டிய ஆணுறையை ஸ்பெகுலத்தின் மேல் மாட்டினால் சுவர் விலகி நிற்கும். வயிற்றைப் பிசைவது போன்ற வலி வரலாம், ஆனால் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை. அடுத்தவருக்குப் பயன்படுத்தும் முன் முனையைத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும்.

எங்களைக் கேட்டால், முனையைத் தொடுவதற்கு முன் எடுக்கும் முடிவுதான் மிகக் கடினமானது. சுட்டு அழித்தபின் ஆய்வகத்துக்கு அனுப்பத் துண்டுத் திசுகூட மிஞ்சாது. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தால் அது தெரியாமலேயே உள்ளே வளரும். ஆகவே தொட்டால் ரத்தம் கசிவது, மேடுபள்ளமான புடைப்பு, புண், தாறுமாறான ரத்த நாளங்கள் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் சுடக் கூடாது. திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாற்றம் குழாய்க்குள் நுழைந்து அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உருமாற்றப் பகுதி முழுதாகத் தெரியாவிட்டாலும் இந்த முறை ஆகாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு எல்லை குழாய்க்குள் ஏறிவிடுவதால் பலர் இப்படி விலக்கப்படுவார்கள். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை காத்திருக்க வேண்டும்.

சில வாரங்களுக்கு நீர் போலக் கசிவு இருக்கும், இது இயல்பு. நான்கு வாரம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல், துர்நாற்றக் கசிவு, கடும் வலி, கட்டியாக ரத்தப்போக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓராண்டு கழித்து மறுபரிசோதனை அவசியம். புண் ஆறும்போது ஓரத்திலிருந்து புதிய தோல் படர்ந்து எல்லை உள்ளே நகர்ந்துவிடக்கூடும். எனவே கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்வதைவிட எச்.பி.வி. பரிசோதனை நம்பகமானது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மாற்றம் திரும்புவது அதிகம் என்பதால் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். மாற்றம் மிஞ்சியிருந்தால் மறுபடி சுடலாம், அல்லது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டியெடுத்து அந்தத் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.