மாக்கோலம் ஏன் காய்ந்த பிறகு வெளுக்கிறது?

பச்சரிசி மாவைக் கரைத்துத் தரையில் இழுத்த கோடு முதலில் வெள்ளையாகவே இருக்காது. ஈரக் கை பட்ட தடம் மாதிரி, கீழே இருக்கும் தரையின் நிறம் தெரியக் கலங்கலாகக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும். ஈரம் முழுக்கப் போனதும் பளீரென்று எழுந்து நிற்கும். செட்டிநாட்டில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவீட்டுக் கோலம் போடும் வீடுகளில் இதைப் பார்க்காத பிள்ளைகள் கிடையாது. ஏன் அப்படி என்று கேட்ட பிள்ளைகளும் அனேகமாகக் கிடையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும் ஒரே உத்தரவு, “அங்கிட்டுப் போய் விளையாடு, மிதிச்சிராதே!”

வெள்ளையை அரிசி தருவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அரிசி மாவின் பெரும்பகுதியான மாவுச்சத்து மணி ஒன்றைத் தனியாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அது நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும். கற்கண்டுக் கட்டி பளிங்காக இருக்கிறது, அதையே இடித்தால் வெள்ளைப் பொடியாகிறது அல்லவா, அதே கதைதான் இது. நிறமில்லாத பொருள் பொடியானதும் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், துகள்களுக்கு நடுவே புகுந்துகொண்ட காற்று.

வெளிச்சம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் இடத்தில் அதில் ஒரு பங்கு உள்ளே போகாமல் வந்த பக்கமே திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது அந்த இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு, அதாவது வெளிச்சத்தை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு, நடுவே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மாவுச்சத்துக்கு அந்த எண் சுமார் 1.53. தண்ணீருக்கு 1.33. காற்றுக்கு 1. கணக்குப் போட்டால், நேராக வந்து விழும் வெளிச்சத்தில் மாவும் காற்றும் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் திரும்பும். மாவும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் திரும்பும். ஏறக்குறைய 9 மடங்கு வித்தியாசம். நூற்றுக்கு 4 என்பதே குறைச்சலாயிற்றே என்று தோன்றும். ஆனால் அரிசி மாவுச்சத்தின் மணி 3 முதல் 8 மைக்ரான் அளவுதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள கோட்டுக்குள்ளேயே சுமார் இருபது மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் மேலும் கீழும் காற்றோடு ஓர் எல்லை. வெளிச்சம் இத்தனை எல்லைகளில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, தரையைத் தொடுவதற்கு முன்பே பெரும்பகுதி மேலே வந்துவிடுகிறது. மணிகளும் இடுக்குகளும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற பாகுபாடு பெரிதாக இல்லாமல் எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. எல்லா நிறமும் சேர்ந்து வந்தால் கண்ணுக்கு வெள்ளை.

கோலம் ஈரமாக இருக்கும்போது அந்த இடுக்குகளில் தண்ணீர் இருக்கிறது. எல்லைகள் இருந்தும் வித்தியாசம் போதவில்லை. வெளிச்சம் உள்ளே போய்த் தரையைத் தொட்டுத் தரையின் நிறத்தோடு திரும்பி வருகிறது. தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தைக் காற்று பிடித்ததும் கோலம் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இது உண்மையா என்று சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம், குத்துவிளக்கு போதும். விளக்கைச் சுற்றிப் போட்ட கோலத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே மட்டும் கோடு காணாமல் போயிருக்கும். மாவு எங்கும் போகவில்லை, விரலால் தடவினால் அங்கேயேதான் இருக்கிறது. நல்லெண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47, மாவுக்கு மிக நெருக்கம். எல்லையில் திரும்பும் வெளிச்சம் பத்தாயிரத்தில் 4 பங்கு அளவுக்கு விழுந்துவிடுகிறது. தண்ணீர் சொட்டிய இடம் காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். எண்ணெய் ஆவியாகாது என்பதால் அந்தப் புள்ளி அப்படியே இருந்துவிடும். மேலே இன்னொரு கோடு போட்டு மூடப் பார்த்தாலும் எண்ணெய் மெல்ல மேலேறி அதையும் குடித்துவிடும்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஆச்சிமார் சொல்லும் பக்குவம் ஒவ்வொன்றும் விளங்கிவிடும். எல்லாமே மணியைச் சிறிதாக வைத்துக்கொள்வதும் இடுக்கைக் காப்பாற்றுவதும்தான்.

ஏன் பச்சரிசி? புழுங்கலரிசியை நெல்லாக இருக்கும்போதே அவித்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஆறியதும் கெட்டிப்பட்டுப் போகின்றன. அதனால்தான் புழுங்கலரிசி கண்ணாடிபோல் லேசாகப் பளபளக்கிறது. உள்ளே இடுக்கு குறைவு. அதை என்னதான் அரைத்தாலும் தனித்தனி மணியாகப் பிரியாது. பச்சரிசியில் மணிகள் அப்படியே இருக்கின்றன. இன்னொரு அனுகூலம், நாம் புழங்கும் தானியங்களில் மாவுச்சத்து மணி மிகச் சிறிதாக இருப்பவற்றில் அரிசியும் ஒன்று. மக்காச்சோளத்தில் அது 15 மைக்ரான் அளவில் இருக்கும், உருளைக்கிழங்கில் 100 மைக்ரான்வரைகூடப் போகும். மணி பெரிதானால் அதே கனத்துக்குள் எல்லைகள் குறைவு, வெளுப்பும் குறைவு. அரிசியைத் தேர்ந்தெடுத்தது பக்திக்காகவோ சிக்கனத்துக்காகவோ இருந்திருக்கலாம், ஆனால் வீட்டில் கிடைப்பதில் இதைவிட நல்ல வெள்ளை வேறு இல்லை.

ஊறவைப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஊறிய அரிசி விரலால் நசுக்கினாலே உடையும் அளவுக்குத் தளர்ந்துவிடும். அரைக்கும்போது மணிகள் நொறுங்காமல் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வரும். காய்ந்த அரிசியைப் பொடித்தால் மாவு கரடாகவும் இருக்கும், மணிகளும் சிதையும். சிதைந்த மணி பச்சைத் தண்ணீரிலேயே வீங்கிப் பசையாகும். கடையில் வாங்கிய அரிசி மாவைக் கரைத்துப் போட்டால் கோடு திட்டுத்திட்டாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அவசரத்துக்குச் சரி, நடுவீட்டுக் கோலத்துக்கு ஆகாது.

நைசாக அரைக்கவில்லை என்றால் கிண்ணத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீரில் ஒரு துகள் அடியில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்குத் தக்கபடி கூடும். 5 மைக்ரான் மணி ஒரு மணி நேரத்தில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் இறங்கும். 50 மைக்ரான் குருணையோ அதைப்போல நூறு மடங்கு வேகத்தில், நாலு விரல்கடை ஆழத்தை ஒன்றிரண்டு நிமிஷத்தில் தாண்டி அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் மேலே மிஞ்சுவது கழுநீர்தான். கோலம் போடும்போது கிண்ணத்தை அடிக்கடி கலக்கிவிடச் சொல்வதும், மாவில் முக்கிய சின்னத் துணியை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து மோதிர விரல் வழியே ஒழுகவிடுவதும் இதனால்தான். துணி மாவைத் தேக்கி வைக்கிறது, கரட்டுத் துகளையும் தடுத்துவிடுகிறது. கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு மாவு இறங்கும். கை பழகியவர்கள் கோடு முடியும் இடத்துக்கு ஒரு சாண் முன்பே அழுத்துவதை விட்டுவிடுவார்கள். விரலில் ஒட்டியிருக்கும் மாவே மீதிக் கோட்டுக்குப் போதும்.

இனி தரை. மாக்கோலத்தில் பாதி வேலை தரையுடையது என்பது என் கட்சி. பழைய சிமெண்டுத் தரையும் செங்கல் பாவிய தரையும் தண்ணீரை உறிஞ்சும். கோடு விழுந்த உடனே நீர் கீழே போய்விட, மணிகள் வடிகட்டிய மாதிரி மேலே தங்கிவிடும். கோடு அகலாது, சீக்கிரமும் வெளுக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் இரண்டுங்கெட்டான். அதைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கம் சாந்து பூசி, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். முகம் கண்ணாடியில் பட்டுக் கிடந்ததால் அந்த வழவழப்பு வருகிறது. சிமெண்டு என்பதால் கொஞ்சம் உறிஞ்சும், வழவழப்பால் கொஞ்சம் மறுக்கும்.

அதன் பளபளப்பு போகாமலிருக்கத் தண்ணீரில் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பண்டிகைக்காக அப்படித் துடைத்த மறுநாளே கோலம் போட உட்கார்ந்தால் வம்புதான். எண்ணெய்ப் படலத்தில் தண்ணீர் பரவாது, தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். கோடு போட்டுக் கையை எடுப்பதற்குள் அது முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் மருமகள் இப்படித் தவித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி ஒருவர் சொன்னது: “மாவுல ஒண்ணுமில்லத்தா, தரை எண்ணெய் குடிச்சிருக்கு. சீயக்காப் பொடி போட்டு ஒருக்கா தேச்சு விட்டுட்டு வா.” சீயக்காயில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்து வந்துவிடும். அதன்பிறகு ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, தரை குளிர்ச்சியாக இருக்கும்போதே கோடு இழுத்தால் ஒழுங்காக உட்காரும்.

மாவு நீர்த்துப் போனால் இன்னொரு வேடிக்கை நடக்கும். கோட்டின் இரண்டு ஓரமும் வெள்ளையாகி நடு வெளிறிப்போய், ஒரு கோடு இரண்டு கோடாகத் தெரியும். காபி சிந்திக் காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் கறுத்திருப்பதும் இதுவே. 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ ஆய்விதழில் இதற்கு விளக்கம் எழுதினார்கள். சொட்டின் ஓரம் தரையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது துகள்களையும் இழுத்துப் போகிறது. மாவு போதிய அளவு கெட்டியாக இருந்தால் மணிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிடும். அதற்காக ரொம்பக் கெட்டியாகப் போட்டால், கடைசி ஈரம் போகும்போது மணிகளை உள்ளுக்குள் இழுக்கும் விசையில் கோடு வெடித்து, ஓரம் தூக்கிக்கொண்டு, கால் பட்டதும் பொருக்காக உதிரும். இட்லி மாவைவிட நன்றாக நீர்த்து, ஆனால் விரலைத் தூக்கினால் வெள்ளையாக ஒட்டியிருக்கும் பதம்தான் சரி.

உதிராமல் இருக்க மாவில் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி விடுவோரும் உண்டு. வெந்த மாவுச்சத்து நல்ல பசை, கோலம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். ஆனால் அந்தப் பசை போய் நிரப்புவது எந்த இடத்தை? வெளுப்புக்குக் காரணமான இடுக்குகளைத்தான். கஞ்சி கூடக்கூடக் கோலம் உறுதியாகும், மங்கியும் போகும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். சுவருக்குச் சாயம் தயாரிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு, பசையா வெளுப்பா என்று. அவர்கள் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கு மேல், தண்ணீரிலும் பசையிலும் மூழ்கிக் கிடந்தாலும் வெள்ளையாகவே தெரியும். கடையில் விற்கும் ஒட்டுக் கோலமும் பெயிண்டுக் கோலமும் போட்டவுடன் வெளுப்பாக இருப்பது இதனால்தான். பொங்கலுக்கு முன்னால் அடிக்கும் சுண்ணாம்புக்கு அந்த வசதி கிடையாது. அடிக்கும்போது ‘என்னடா இது, ஒண்ணுமே பிடிக்கலையே’ என்று தோன்றும், மறுநாள் காலை சுவர் பளிச்சென்று இருக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகுவது தனி. வெளுப்பு முக்கியமாக ஈரம் போய்க் காற்று புகுந்ததால் வந்தது.

கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது இரும்பு ஆக்சைடு. நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை விட்டுவிடுகிறது. நிறம் துகளுக்குள்ளேயே இருப்பதால் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரியும், ஈரத்தில் இன்னும் அடர்த்தியாகவே தெரியும். வீட்டு நடு முற்றமான வளவில் திறந்த வானத்தின் கீழ் போட்ட கோலத்தில் தூறல் விழுந்தால் வெள்ளை மறைந்து காவிக் கரை மட்டும் நிற்பது அதனால்தான். தண்ணீர் ஓடி மாவை அடித்துச் செல்லாதவரை பதற வேண்டாம், வெயில் வந்ததும் கோலமும் வந்துவிடும்.

ஊரை விட்டுப் போய் அடுக்குமாடி வீட்டில் விட்ரிஃபைடு தரையில் நடுவீட்டுக் கோலம் போடுகிறவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். அந்தத் தரை தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தண்ணீர் உறிஞ்சாது. மணிகளுக்குப் பிடிமானமே கிடையாது. சீயக்காய் போட்டுத் துடைத்து, மாவை இன்னும் நைசாக அரைத்து, கோட்டை மெல்லியதாகப் போட்டு, காயும்வரை மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பும் அதிகம். பண்டிகை முடிந்து அழிக்கும்போது பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் துணியோடு வந்துவிடும். சீக்கிரம் போகட்டும் என்று கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அரிசி மாவுச்சத்து 65 முதல் 75 டிகிரிக்குள் வெந்துவிடும். அதுவரை சும்மா ஒட்டிக்கொண்டிருந்த மாவு கஞ்சியாகி டைல்ஸ் இடுக்கில் போய் இறுகினால், சுரண்டி எடுக்கத்தான் வேண்டிவரும்.