துண்டு ஏன் பச்சையாகத் தெரிந்தது?

கொடைக்கானல் மலையில் பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில், மதிகெட்டான் சோலை ஓரமாக ஒருநாள் காலை பத்து மணிக்கு நின்றிருந்தோம். வனத்துறை அனுமதி வாங்கிப் போன பயணம். கூட வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். தோளில் வெள்ளைத் துண்டு, பின்னால் பாசி படர்ந்த அடிமரம், தலைக்கு மேல் இலைக்கூரை. எடுத்த படத்தைக் கேமராத் திரையில் அவரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, துண்டு பச்சையா இருக்கு? காலையிலதான் துவைச்சுப் போட்டது."

"முகமும் கொஞ்சம் பச்சையாத்தாண்ணே இருக்கு."

நேரில் பார்த்தால் துண்டு பால் மாதிரி வெள்ளை. படத்தில் இளம்பச்சை. கேமரா கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அன்றைக்குக் கேமரா காட்டியதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் துண்டின் மேல் விழுந்த வெளிச்சமே பச்சை. நம் மூளை சுற்றுமுற்றும் பார்த்து, "இங்கே எல்லாமே பச்சை கலந்து வருகிறது" என்று கணக்குப் போட்டு அந்தப் பச்சையைக் கழித்துவிடுகிறது. மஞ்சள் குண்டு பல்பின் கீழேயும் சோறு நமக்கு வெள்ளையாகத் தெரிவது இதே வேலையால்தான்.

பச்சை எங்கிருந்து வந்தது? இலையில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் பச்சையில் ஒரு பங்கு தப்பிவிடுகிறது. கொஞ்சம் மேலே திரும்புகிறது, கொஞ்சம் இலையைத் துளைத்துக்கொண்டு கீழே வருகிறது. கீழே வந்தது இன்னொரு இலை மேல் விழுகிறது. அங்கேயும் அதே கதை. இப்படி அடுக்கடுக்காக வடிகட்டப்பட்டு, அடர்ந்த காட்டின் தரைக்கு வந்து சேர்வது வெட்டவெளி வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். பழனி மலைச் சோலைகளின் மரங்கள் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கும் குட்டை மரங்கள். ஆனால் கூரை நெருக்கம், இலைகள் தடிமன். வெளியே கண் கூசும் வெயில் அடிக்கும்போதும் உள்ளே அந்திப் பொழுது.

இந்த நிற மாற்றம் நமக்கு முன்பே விதைகளுக்குத் தெரியும். சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பின் விளிம்பை இலைகள் உறிஞ்சுவதில்லை. அப்படியே கீழே விட்டுவிடுகின்றன. சிவப்பு குறைந்து இது மிகுந்திருந்தால், "தலைக்கு மேல் ஆள் இருக்கிறது" என்று பல செடிகளின் விதைகள் முளைக்காமல் காத்திருக்கும். ஒரு மரம் சாய்ந்து வானம் திறந்தால் விகிதம் மாறும். அப்புறம்தான் முளை விடும்.

காட்டு வெளிச்சத்தின் நிறங்களை முறையாக அளந்து வகைப்படுத்தியவர் ஜான் எண்ட்லர் என்கிற உயிரியலாளர்; 1993-ல் அதை வெளியிட்டார். அவர் சொல்வதைச் சோலைக்குள் நின்று கண்ணாலேயே சரிபார்க்கலாம். அடர் நிழலில் பச்சை. மரங்கள் இடைவெளி விட்டு நின்று, வெயில் நேராக விழாமல் வானம் மட்டும் தெரிகிற இடத்தில் நீலம். சின்ன ஓட்டை வழியாக வெயில் குத்தி விழும் இடத்தில் மஞ்சள். பெரிய திறப்பில் வெள்ளை. ஒரே ஒற்றையடிப் பாதையில் பத்தடிக்குள் இத்தனையும் இருக்கும். கேமராவுக்கு ஒயிட் பேலன்ஸ், அதாவது எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்கிற கணக்கு, ஒரு படத்துக்கு ஒன்றுதான். அது பச்சைக்குச் சரிக்கட்டினால் நீல நிழல் கெடும், நீலத்துக்குச் சரிக்கட்டினால் வெயில் விழுந்த இடம் ஆரஞ்சாகும். ஆட்டோவில் விட்டால் இன்னொரு சங்கடம்: திரை முழுக்கப் பச்சையைப் பார்த்துவிட்டு, அதை ஈடுகட்ட இளஞ்சிவப்பைக் கலக்கும். அடிமரங்கள் ரோஸ் பவுடர் பூசியது போல ஆகிவிடும்.

அதனால் சோலைக்குள் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நிறுத்திவிடுங்கள் என்பேன். முகத்தின் நிறம் முக்கியம் என்றால், ஆள் நிற்கும் இடத்திலேயே ஒரு வெள்ளைத் துணியைப் படமெடுத்து, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குச் சொல்லிவிடலாம். சொட்டு நீலம் போடாத துணியாக இருக்க வேண்டும். நீலம் போட்டதை வெள்ளை என்று நம்பினால் படம் முழுக்க மஞ்சள் ஏறும்.

எண்ட்லரின் அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. சூரியனை மேகம் மறைத்ததும், பச்சை, நீலம், மஞ்சள் என்று பிரிந்து கிடந்த இந்த வெளிச்சங்கள் எல்லாம் வெள்ளையை நோக்கி ஒன்றாகின்றன. காரணம் எளிது. வெயில் நாளில் சோலைக்கு இலைகளே விளக்குகள்; மேலே வெயில் பட்டு அவை பச்சையாக எரிகின்றன, இடுக்குகளில் தெரியும் நீல வானம் அவற்றை விட மங்கல். மேகம் வந்ததும் இலைகள் அணைந்துவிடுகின்றன. வானம் முழுக்க வெள்ளையாக ஒளிர்கிறது, ஒவ்வொரு இடுக்கும் ஒரு வெள்ளை விளக்காகிவிடுகிறது. மூட்டமான நாளில் காட்டுப் படம் நன்றாக வரும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான்.

வெயில் நாளே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வெயில் நாளில்தான் தரையில் அந்த வட்டப் பொட்டுகள் கிடைக்கும். அவற்றைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? இலைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் கோணல்மாணலானவை. முக்கோணம், கீற்று, கிழிந்த நட்சத்திரம். ஆனால் தரையில் விழுவது வட்டம், அல்லது சாய்ந்த வெயிலில் நீள்வட்டம். ஒரு வெள்ளைத் தாளை வெயில் வரும் திசைக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் நீள்வட்டமும் வட்டமாகிவிடும். இது இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். ஒவ்வொரு சின்ன இடுக்கும் லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. 2019 டிசம்பர் 26-ல் கோவை, ஊட்டி, திண்டுக்கல் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, மேகம் விலகிய இடங்களில் மரத்தடிப் பொட்டுகளும் வளையல்களாக மாறியிருக்கும்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. வானில் சூரியனின் அகலம் சுமார் அரை பாகை. ஆகவே பிம்பத்தின் குறுக்களவு, துளையிலிருந்து அது விழும் தூரத்தில் ஏறத்தாழ 108-ல் ஒரு பங்கு. தாளில் விழுந்த வட்டம் ஒரு இட்லி அளவு, அதாவது 8 செ.மீ. இருந்தால், அந்த வெளிச்சம் சுமார் எட்டரை மீட்டர் தள்ளி இருக்கும் இடுக்கிலிருந்து வருகிறது. மரம் ஏறாமலே இலைக்கூரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

சோலையிலிருந்து திரும்பிக் கொடைக்கானல் ஊருக்குள் வந்தால், இதே கணக்கு இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் குவியத் தொலைவு 30 மீட்டருக்கும் மேல். அதனால் கிடைக்கும் சூரியப் பிம்பம் 34 செ.மீ. அகலம், ஒரு பெரிய தாம்பாளம் அளவு. 1904 முதல் அந்த மலையில் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். காட்டுத் தரையில் கிடக்கும் பொட்டும் அந்தப் பிம்பமும் ஒரே குடும்பம் என்று நினைக்க எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

படமெடுப்பவருக்கு இந்தப் பொட்டுகள் தலைவலிதான். நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் இருக்கும் இடத்தில் முழு வெயில் ஒரு துண்டு விழுந்தால், இரண்டுக்கும் நடுவே ஆறரை ஸ்டாப் வித்தியாசம். மரப்பொந்தின் இருட்டையும் சேர்த்தால் பத்தைத் தாண்டும். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்கு. கண் இதைச் சமாளிப்பது எப்படி என்றால், அது ஒரே பார்வையில் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. பொந்தைப் பார்க்கும்போது அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது, வெயிலைப் பார்க்கும்போது சுருங்கிக்கொள்கிறது. கேமராவுக்கு ஒரே திறப்பு. வெளுத்துப் போன பொட்டை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருண்ட நிழலை ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே பொட்டுக்கு ஏற்ப எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்து, நிழலைப் பிறகு ஏற்றுவதே பாதுகாப்பு.

இனி மஞ்சு, அதாவது மலையில் ஏறும் மூடுபனி. காலையில் வெயில் ஏறியதும் பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கத்துச் சமவெளிக் காற்று சூடாகி மலைச்சரிவோடு மேலே ஏறும். ஏறும் காற்று விரிந்து குளிரும். ஈரம் திவலையாகும் வரை 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் குறையும். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் உயரத்துக்கு வருவதற்குள் ஈரம் தாங்காது. அதனால்தான் தெளிவாக இருந்த பள்ளத்தாக்கு மதியத்துக்கு மேல் திடீரென்று வெள்ளையாகிறது.

மஞ்சின் திவலை ஒவ்வொன்றும் பத்து மைக்ரான் சுமாருக்கு இருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான். காற்று மூலக்கூறுகள் நீலத்தை மட்டும் தேர்ந்து அதிகமாகச் சிதறடிக்கும். இவ்வளவு பெரிய திவலை எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால் மஞ்சு வெள்ளை. இன்னொன்று: அது ஒளியின் பெரும்பங்கை வந்த திசையிலேயே முன்னோக்கித் தள்ளுகிறது. பூம்பாறை போகும் வழியில் பைன் காட்டுக்குள் ஒளிக்கற்றைகள் இறங்கும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் கற்றைகள் தூண்கள் மாதிரி நிற்கும். அப்படியே திரும்பி, சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள். கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். எனவே கற்றை வேண்டும் என்றால் சூரியனை நோக்கி நின்று, அதை ஒரு அடிமரத்தின் பின்னால் ஒளித்துக்கொள்ள வேண்டும். விசிறி போல விரிவதாகத் தெரியும் அந்தக் கற்றைகள் உண்மையில் இணையானவை. கொடை ரோடு ரயில் நிலையத்தில் நின்றால் தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வதாகத் தெரிகிறதே, அதே தோற்றம்.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போதும் ஒரு அபூர்வம் உண்டு. கொடைக்கானலின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில், பின்னால் வெயிலும் முன்னால் கீழே மஞ்சும் அமைந்துவிட்டால், உங்கள் நிழல் மஞ்சின் மேல் விழுந்து தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும். படமெடுத்தால் வளையத்தின் மையம் கேமராவின் நிழலில் இருக்கும்.

மஞ்சில் எடுக்கும்போது கேமராவை நம்பக் கூடாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று அளக்கும் பழக்கம் அதற்கு. வெள்ளை மஞ்சு அழுக்குச் சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள்.

சூரியோதயப் பொன்னொளி நெடுநேரம் நிற்கும் என்று வெளிநாட்டு நூல்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடைக்கானல் 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சம இரவு நாள்களில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். பொன்னொளி இருக்கும் முதல் 6 பாகையை அடிவானத்திலிருந்து ஏற இங்கே 24 நிமிடம், லண்டனில் 39 நிமிடம். இங்கே எதிர் மலை மறைப்பதிலேயே அதில் பாதி போய்விடும். ஈர இலைகளின் பளபளப்பு நிறத்தை மூடுகிறது என்றால் போலரைசர் வடிகட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பளபளப்பின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் பெரும்பகுதி அடங்கி, அடியில் இருக்கும் பச்சை வெளியே வரும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும், ட்ரைபாட் வேண்டும்.

அன்றைக்கு மதியம் இரண்டரை மணிக்கு மேல், "மஞ்சு ஏறுது தம்பி, எடுக்கறதுன்னா இப்ப எடுங்க" என்று காவலர்தான் சொன்னார். பத்து நிமிடத்தில் சோலை முழுக்க வெள்ளையானது. தரையில் இருந்த பொட்டுகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. பின்னால் இருந்த மரங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெளிறிப் பின்வாங்கி, முன்னால் இருந்த அடிமரம் மட்டும் கறுப்பாக நின்றது. அவரை அதே இடத்தில் நிறுத்தி, ஒரு ஸ்டாப் கூட்டி, முப்பதில் ஒரு நொடியில் எடுத்தேன். இலை நுனிகளிலிருந்து அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு வெள்ளையாக இருந்தது.