ஈஸ்ட் தொற்று, கேண்டிடா, வெள்ளைப்படுதல்: சரியான சொல் எது?

பெண்களின் பிறப்புறுப்பில் கடும் அரிப்பும் எரிச்சலும், திரிந்த பாலைப் போன்ற கெட்டியான வெண்கசிவும் காணும் நோயை மருந்துக்கடையில் ‘ஈஸ்ட் இன்ஃபெக்‌ஷன்’ என்றும், பத்திரிகைகளில் ‘பூஞ்சைத் தொற்று’ என்றும், வீடுகளில் ‘வெள்ளைப்படுதல்’ என்றும் சொல்கிறோம். ஒரே நோய்க்கு வழங்கும் மூன்று பெயர்களைப் போல இவை தோன்றினாலும் ஒவ்வொன்றும் குறிக்கும் பொருள் வேறு. ஒருமுறை வந்து, எளிய மருந்துக்கு அடங்கிவிடும் நோய்க்கு எந்தப் பெயர் இட்டாலும் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் பலமுறை திரும்பி வரும் நோய்க்குப் பெயர் தவறும்போது மருந்தும் தவறிப்போகிறது என்பதால், இச்சொற்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘ஈஸ்ட்’ என்பது நுரைத்தல், பொங்குதல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல். மாவையும் மதுவையும் பொங்கச் செய்யும் ஒற்றைச் செல் பூஞ்சையை அது குறித்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை ‘மதுவம்’ என்று அழகாக வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஈஸ்ட்’ என்றே நிற்கிறது. ‘நொதியம்’ என்று எழுதுவோரும் உண்டு. எனினும் இலங்கையில் என்சைமுக்கு வழங்கும் பெயர் அதுவாகையால், நோய்ப் பெயரில் அதைச் சேர்ப்பது குழப்பத்தையே தரும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இந்நோயைத் தருவதோ கேண்டிடா என்னும் வேறோர் இனம். ‘ஈஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ரொட்டியையும் இட்லி, தோசையையும் விலக்கி வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இட்லி மாவு புளித்துப் பொங்குவதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கே உரியது; அந்த உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை.

‘கேண்டிடா’ இலத்தீன் சொல். ‘பளிச்சிடும் வெண்மை உடையது’ என்பது அதன் பொருள். பழைய ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டோர் வெளுத்த மேலாடை அணிந்து மக்கள் முன் வந்தார்கள்; தேர்தல் வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த ஆடையிலிருந்தே பிறந்தது. 1839இல் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக், காய்ச்சலில் இறந்த ஒருவரின் தொண்டைப் படலத்தில் இந்தப் பூஞ்சையைக் கண்டு விவரித்தார். 1853இல் பிரான்சைச் சேர்ந்த ஷார்ல் ரோபேன் அதற்கு ‘ஆயிடியம் அல்பிகன்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னர் அது ‘மொனீலியா’ என்னும் இனத்தில் வைக்கப்பட்டமையால், பழைய மருத்துவ நூல்களில் இந்நோய் ‘மொனீலியாசிஸ்’ எனக் காணப்படும். 1923இல் நெதர்லாந்தின் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் தம் முனைவர் பட்ட ஆய்வில் ‘கேண்டிடா’ என்னும் இனத்தைத் தனியே வகுத்தார். ‘அல்பிகன்ஸ்’ என்றால் ‘வெளுத்துவருவது’ என்று பொருள். ஆகவே கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பெயரில் வெண்மை இருமுறை சொல்லப்படுகிறது. குழந்தைகளின் வாயில் வரும் இதே பூஞ்சை நோய்க்குத் தமிழில் ‘அக்கரம்’ என்னும் பழைய சொல் உண்டு. ஆனால் அது வாய்நோயின் பெயராகவே நிலைத்துவிட்டதால், பிறப்புறுப்பு நோய்க்கு அதை நீட்டுவது பொருந்தாது.

இனி ‘வெள்ளைப்படுதல்’. இது ஒரு நோயின் பெயராகாது. ஓர் அறிகுறியை மட்டுமே சொல்லும் சொல். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் இயல்பாக வரும் தெளிந்த கசிவும், மீன்வாடையுடன் வரும் பாக்டீரியா சமநிலைக் குலைவும், டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் நோயும், கேண்டிடாவும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனோடு ‘உடம்புச் சூடு’, ‘உடல் சத்து வடிந்துபோகிறது’ என்னும் நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்ள, நோயே இல்லாத பெண் அஞ்சுகிறாள். நோயுள்ள பெண்ணோ குளிர்ச்சியான உணவில் தீர்வு தேடிக் காலம் கடத்துகிறாள். இந்தியாவின் பால்வினை நோய்த் திட்டத்தில் கசிவுடன் வருவோருக்குத் தரப்படும் பச்சை நிற மருந்துப்பொதியில் பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸுக்குமான செக்னிடசோல் 2 கிராமும் பூஞ்சைக்கான ஃபுளுகொனசோல் 150 மில்லிகிராமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆய்வக வசதி இல்லாத இடத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரும்போதும் அதையே விழுங்கிக்கொண்டிருப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு ஈஸ்ட் நோய்தான் என்று தாமே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அந்நோய் உண்மையில் இருந்தது.

‘தொற்று’ என்னும் சொல்லிலும் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. தொற்றுதல் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றில் பற்றிக்கொள்ளுதல். அச்சொல்லைக் கேட்டதும் ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வி எழுகிறது. கணவன் மனைவிக்கிடையே வீண் ஐயமும் எழுகிறது. உண்மையில் கேண்டிடா, எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களில் 10 முதல் 20 விழுக்காட்டினரின் யோனியில் அமைதியாகவே குடியிருக்கிறது. சூழல் மாறும்போது அது இழைகளாக நீண்டு, மேல்தோலைத் துளைத்து, ‘கேண்டிடாலைசின்’ என்னும் நச்சைச் சுரக்கிறது. 2016இல் அறியப்பட்ட இந்த நச்சுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினையே அரிப்பும் சிவப்பும் வீக்கமுமாக வெளிப்படுகிறது. ஆகவே ‘அழற்சி’ என்னும் சொல்லே நிகழ்வுக்கு நெருக்கமானது. ‘யோனிக் கேண்டிடா அழற்சி’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்: இடம், கிருமி, நிகழ்வு மூன்றும் அதில் இருக்கின்றன. பொதுவாசகருக்கு ‘யோனிப் பூஞ்சை அழற்சி’ போதும். கேண்டிடா என்பதை ‘வெண்பூஞ்சை’ என்று பெயர்க்க வேண்டியதில்லை. ஆய்வகச் சீட்டில் அச்சாகும் பெயரை நோயாளியும் அறிந்திருப்பதே நல்லது.

நோய்ப் பெயருக்கு முன்னே ‘மீளும்’ என்ற அடைமொழி சேர்ந்தால் அதற்கு ஒரு வரையறை உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, ஓராண்டுக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை அறிகுறிகளுடன் வந்தால் அது மீளும் நோய். நான்கு முறை என்று கொள்வோரும் உண்டு. பெண்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய் வருகிறது. மீளும் வகை அவர்களில் சிலருக்கே அமைகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், அடிக்கடி உண்ட ஆன்டிபயாடிக் மருந்துகள், கர்ப்பம், ஸ்டீராய்டு ஆகியவை வழிவிடும் காரணங்கள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை இன்று பலர் உண்கிறார்கள். அவற்றைத் தொடங்கிய பின் அரிப்பு வந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். பலருக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. அதைத் தூய்மைக் குறைவு என்று எண்ணி வெட்கப்படுவது தேவையற்றது. சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறத்தைக் கழுவுவது எரிச்சலைக் கூட்டவே செய்யும்.

மீளும் நோயில் முதல் வேலை சோதனை. கசிவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதோடு நில்லாமல், கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பிக் கேண்டிடாவின் எந்த வகை என்று அறிய வேண்டும். அல்பிகன்ஸ் என்றால், ஃபுளுகொனசோல் 150 மில்லிகிராம் மூன்று நாளுக்கு ஒன்றாக மொத்தம் மூன்று மாத்திரை தந்து நோயை அடக்கி, பின்னர் வாரம் ஒன்றாக ஆறு மாதம் தொடர்வது வழக்கமான முறை. அடக்கும் மருந்தும் தொடர் மருந்தும் தனித்தனி என்பதை விளக்காமல் விடுவதால்தான், அரிப்பு நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 2004இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் மருந்து உண்டவர்களில் 90 விழுக்காட்டினர் நோயின்றி இருந்தார்கள். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் சென்றபோது அப்படி இருந்தவர்கள் 43 விழுக்காட்டினர். ஆகவே இது கட்டுப்படுத்தும் மருத்துவம் என்றே தொடக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

கிளாப்ரட்டா என்னும் வகைக்கு ஃபுளுகொனசோல் சரியாக எடுபடாது. அதற்கு போரிக் அமிலம் 600 மில்லிகிராம் கொண்ட குளிகையை யோனிக்குள் நாள்தோறும் மூன்று வாரம் வைக்கும் முறை உண்டு. அதை வாயால் விழுங்கினால் நஞ்சு, கர்ப்பத்திலும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஃபுளுகொனசோல் மாத்திரையைத் தவிர்த்து, குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்துகளை ஏழு நாள் யோனிக்குள் இடுவதே பாதுகாப்பான வழி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள் உண்போர் ஃபுளுகொனசோலைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கூற வேண்டும். ஆண் துணைவருக்கு அறிகுறி இல்லாதவரை அவருக்கும் சேர்த்து மருந்து தருவதால் நோய் மீள்வது குறைவதில்லை. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை மறைக்கும். ஆனால் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதோடு அங்குள்ள மெல்லிய தோலையும் நாளடைவில் நலிவடையச் செய்யும்.