ட்ரௌட் எங்கே நிற்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் ஷாட் என்ற கடல்மீனுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு அக்டோபரும் நவம்பரும் கை பரபரக்கும் மாதங்கள். ஷாட் பிடிக்கத் தடை. டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்து ஓடைகளில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீன் நன்றாக இரையெடுப்பதும் அப்போதுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து அந்த மலைப்பக்கத்து மூயி ஆற்றுக்குக் கார் ஏறுகிற சிலர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் கடல் பழக்கமே காரணம். கடலில் சார்டின் துண்டை வீசிவிட்டுக் காத்திருக்கலாம். மணம் பிடித்து ஏதாவது ஒன்று தேடி வரும். ஓடை ட்ரௌட் தேடி வராது. நின்ற இடத்தில் நின்றபடி, ஆறு கொண்டுவருவதைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளும். அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் நிபந்தனை குளிர். கடல் மட்டத்தில், 10 டிகிரி செல்சியஸ் நன்னீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் சுமார் 8 மில்லிகிராம்தான். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இரண்டுமே இன்னும் இறங்கும். நீர் சூடாகச் சூடாக மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைகிற நேரத்தில் செலவு ஏறுகிறது. ட்ரௌட்டில் ஒரு வகையான வானவில் ட்ரௌட் 20 டிகிரியைத் தாண்டினால் இரையில் நாட்டம் இழக்கும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே போராடும். உம்கேனி ஆற்றின் மேற்பகுதியில் வாழ்கிற மீன் அதே ஆறு டர்பனில் கடல் சேரும் இடத்தில் பிழைக்காததற்கு இதுவே போதும்.

ட்ரௌட் இந்த மண்ணின் மீனும் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து வந்த, இன்னொரு வகையான பழுப்பு ட்ரௌட்டின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, 1890இல் நேட்டாலின் மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் குஞ்சுகளை விட்டார்கள். வெப்ப மண்டலத்தைக் கப்பலில் கடந்தும் முட்டை எப்படிக் கெடாமல் இருந்தது? ஓட்டின் வழியே குஞ்சின் இரண்டு கருங்கண்கள் தெரியத் தொடங்கும் பருவத்தில் முட்டை அசைவைத் தாங்கும். அதை ஈரப்பாசியில் அடுக்கி ஐஸ் குளிரில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகும். அந்தக் காலத்தில் முட்டைகளைத் தொலைதூரம் அனுப்பிய முறை இதுதான்.

இன்றைய பண்ணைகளிலும் அடிப்படை மாறவில்லை. சினைமீனின் வயிற்றை மெதுவாக வழித்து, ஆரஞ்சு நிற முட்டைகளை உலர்ந்த பாத்திரத்தில் எடுக்கிறார்கள். ஆண்மீனின் விந்தைக் கலந்த பிறகுதான் நீர் ஊற்றுவார்கள். நீர் பட்டபின் விந்தணு துடிப்போடு இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 10 டிகிரி ஓடுநீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். வளர்ந்தவற்றை ஆக்சிஜன் ஏற்றிய தொட்டியிலோ பையிலோ கொண்டுவந்து, இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும்வரை பொறுத்திருந்து ஓடையில் விட வேண்டும். அவசரப்பட்டால் அத்தனை மாத உழைப்பும் வீண். சிமெண்ட் தொட்டியில் வளர்ந்த மீனைத் துடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும்.

இப்படி விடுவதில் எனக்கு ஒரு மனத்தடை உண்டு. மலூட்டி செந்துடுப்பு என்ற உள்ளூர் மீன் 1938இல் அறிவியலுக்கு அறிமுகமானது இதே மலையடிவாரத்தின் உம்கோமசானா ஆற்றிலிருந்து. பிறகு அங்கே அது காணாமல் போனது. ட்ரௌட்டின் மீதே சந்தேகம். மறுபடி கண்ணில் பட்டது 1970இல், லெசோத்தோவில். குளிர்ந்த ஓடை எதுவும் ஆளில்லாத வீடாகக் கிடப்பதில்லை.

சரி, ட்ரௌட் நிற்கும் இடத்துக்கு வருவோம். வேகமான நீரில் எதிர்நீச்சல் போட்டால் தின்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகும். தேங்கிய நீரில் இரை வந்து சேராது. ஆகவே பாறையின் பின்னாலோ, உராய்வால் ஓட்டம் தளர்ந்த அடித்தளத்தையொட்டியோ நீர் வரும் திசையை நோக்கித் தலையை வைத்து நிற்கும். பக்கத்தில் வேக நீர் பூச்சிகளைச் சுமந்து போகும்போது ஒரு எட்டு எட்டி எடுத்துத் திரும்பும். பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்த மீனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தீவனம் விழுந்த சத்தம் என்று எண்ணிச் சலசலப்பை நோக்கி ஓடும். அதைப் பிடிப்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

மீனின் முகம் நீர் வரும் திசையை நோக்கி இருப்பதால் நாம் நீர் போகும் பக்கத்திலிருந்து, அதன் பின்னாலிருந்து நெருங்க வேண்டும். குனிந்தும் நெருங்க வேண்டும். ஒளிவிலகலால் வெளியுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி கூம்புக்குள் அடங்கித் தெரிகிறது. அரை மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் அகலம் 1.1 மீட்டர் சொச்சம்; அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றடியையே காட்டும். தாழ்ந்த கோணத்தில் இருப்பவை சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். மண்டியிட்டால் நாமும் அந்த மங்கலில் ஒளிந்துகொள்ளலாம்.

இரையாகக் கட்டுவது இறகும் நூலும் சுற்றிய செயற்கை ஈ. அதற்கு எடை இல்லாததால் தடித்த கயிற்றின் எடையே அதை வீசுகிறது. அங்கேதான் சிக்கல்: கயிறு வேக நீரிலும் ஈ மெதுவான நீரிலும் விழுந்தால், கயிறு முந்திக்கொண்டு ஈயை இழுக்கும். நீரின் போக்கோடு போகாமல் கோடு கிழித்துக்கொண்டு ஓடும் பூச்சியை, பழகிய ட்ரௌட் தொடாது. கோலை உயர்த்தி, முடிந்தவரை கயிறு நீரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த ஈக்கள் நிறைந்த பெட்டியைவிட, ஈ இழுபடாமல் மிதக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் மீன் கிடைக்கிறது.