அரைக்குடம் தண்ணீரை அவரே தூக்கட்டும்

"அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுறதில்லை. கட்டில்லயே உட்கார வச்சுப் பார்த்துக்கிறோம்."

பிள்ளைகள் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாம்பன், மண்டபம் பக்கத்துக் கரையோர ஊர்களில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இதைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். இன்றைக்குக் கட்டிலில் உட்காருகிறவர் கொஞ்ச நாளில் படுத்துவிடுவார். அப்புறம் அவரை எழுப்ப இரண்டு ஆள் வேண்டும்.

போன மாசியில் காலமான ஒரு ஆத்தாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆதார் அட்டைப்படி அவருக்கு வயது 72. அவர் சொல்லும் கணக்கு வேறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலின்போது மூத்தவன் இடுப்பில் இருந்தான், அடுத்தது வயிற்றில் இருந்தது என்பார். ஆதாரை நம்பினால் அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான்! உண்மையில் 85-ஐத் தொட்டிருப்பார். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ரத்தப் பரிசோதனையை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும்போது வயதையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். பல மாத்திரைகளின் அளவு அதைப் பொறுத்தது. உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டையில் உள்ள வயது சந்தேகமாக இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆத்தாவின் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கியது கடல்பாசிதான். அகர் என்ற ஜெல்லி மாதிரிப் பொருள் எடுக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசி, ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்குப் போகும் கட்டக்கோரைப் பாசி. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிற வேலை. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு தீவுப் பக்கம் போவது சிக்கலானது. கண்ணில் புரை விழுந்ததும் கடலில் இறங்குவதை அவரே விட்டுவிட்டார். பிறகு கருவாடு காயப்போட்டார், பனையோலைப் பெட்டி முடைந்தார். பிள்ளைகள் மூன்று பேருமே வந்து கூப்பிட்டார்கள். "அங்க வந்தா நான் விருந்தாளி தாயி. இங்கதான் நான் வீட்டுக்காரி" என்று என்னிடம் சொன்னார்.

கடலில் கிடந்த உடம்பு, அதனால்தான் இத்தனை வருஷம் தாங்கியது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அவரோடு பாசிக்குப் போனவர்களில் பலர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். இருக்கிறவர்களுக்கும் மூட்டு தேய்ந்து, தோள் தூக்க முடியவில்லை. ஆத்தாவைத் தாங்கியது அவர் விடாமல் செய்துவந்த அன்றாட வேலைகள் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணம், அந்த வேலைகள் நின்றபோது என்ன ஆனது என்பதையும் நான் பார்த்தேன்.

குளிக்கிற இடத்து ஈரப்படியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு மகள் மதுரைக்கு அழைத்துப் போனார். முறிந்தது கைதான், கால்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதம் படுக்கைதான், சாப்பாடுகூடக் கட்டிலுக்கு வந்தது. கை கூடிவிட்டது. ஊர் திரும்பியவரால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். அதற்கே கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. இரண்டு மாதத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லிக்கொடுத்தது தரையிலிருந்து எழுவதை. மல்லாந்து கிடப்பவர் அப்படியே எழுந்து உட்காரப் பார்ப்பார். அது முடியாது, பயம்தான் கூடும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கை. அங்கிருந்து கையும் முழங்காலும் தரையில் பட நான்கு காலில் நிற்கிற மாதிரி வந்து, கட்டில் வரை தவழ வேண்டும். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, பலமுள்ள காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். முழங்கால் வலிக்குப் பழைய சேலையை நான்காக மடித்துக் கீழே போட்டோம். மணிக்கட்டில் பாரம் கொடுக்கப் பயந்தவருக்கு முஷ்டியை ஊன்றச் சொல்லித் தந்தேன். முதல் நாள் பாதியில் நிறுத்திக்கொண்டு, "பாசிக்குப் போறப்பகூட இப்படி மூச்சு வாங்கலையே" என்றார்.

இந்த ஒன்றைத் தனியாக இருக்கும் எல்லாப் பெரியவர்களும் கற்றிருக்க வேண்டும். விழுந்ததைவிட, விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடப்பது ஆபத்து. தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோல் புண்ணாகும், நீர்ச்சத்து வற்றும், சளி நெஞ்சில் கட்டும். ஆனால் ஒன்று: விழுந்த பிறகு கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ எழ முயலக்கூடாது. இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆத்தா வீட்டில் யாராவது கவனிக்க ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. காலையில் வாசல் தெளிக்காமல் இருந்தால் எதிர்வீட்டு மதினி வந்து கதவைத் தட்டுவார். அவரிடம் ஒரு சாவியும் கொடுத்து வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். அருவாமனையில் குந்தி மீன் அரிவதை மாற்றி, முக்காலியில் உட்கார்ந்து பலகை மேல் கத்தியால் அரிய வைத்தோம். குளிக்கிற இடத்தில் கைப்பிடிக் கம்பி, படியில் சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு. செலவு பெரிதாக இல்லை.

சண்டை வந்தது தண்ணீரில்தான். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் பாடு தெரிந்ததுதானே. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிற பெண்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். மகள் மாதக்காசு பேசி ஓர் ஆளை வைத்தார், ஆத்தா குடத்தைத் தொடவே கூடாது என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய குடங்களை அந்த ஆள் கொண்டுவரட்டும், அரைக்குடம் மட்டும் ஆத்தா எடுக்கட்டும் என்றேன். மகள் என்னோடு சில வாரம் பேசவில்லை. பரவாயில்லை. அந்த அரைக்குடத்துக்காகத்தான் அவர் தினமும் படி இறங்கி ஏறினார், நாலு பேரிடம் நின்று பேசினார். நான் எழுதித் தந்த பயிற்சிகளைச் செய்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்!

எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றும் சொல்லியிருந்தார். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. அவருக்கு இறங்கியது. மருத்துவர் மாத்திரையை மாற்றித் தந்தார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அதன் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தன் வீட்டில், தன் சமையலில் இருந்தார். கடைசியில் நெஞ்சுச்சளிக் காய்ச்சல், மருத்துவமனையில் ஒரு வாரம், அதோடு முடிந்தது. சாவு வீட்டில் மூத்த மகன், "நாங்க வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போயிருக்கணுமோ?" என்று கேட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இல்லை என்றேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அம்மாவை உட்கார வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 70-லிருந்து 79 வயதுப் பெண்ணுக்கு 10, 80-லிருந்து 84 வரை 9, 85-லிருந்து 89 வரை 8. இதற்குக் குறைந்தால் விழும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி தேவைப்படுபவர்களின் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வீட்டில் கவனிப்பாரில்லை, சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டார்கள் என்பது மாதிரியான சிக்கல்களுக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை. எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டும்போது, தரையில் கிடந்தாலும் தெரிகிற உயரத்தில் ஒட்டுங்கள்.