‘ஏ’ என்று எழுதுவதற்கு முன்

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரை, மூன்று வாரம் கழித்து எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏசியா ஏ’ என்று இருந்தது. தண்டுவடக் காயத்தை அளக்கும் ஏசியா அளவுகோலில் ‘ஏ’ என்றால் முழுமையான காயம் என்று பொருள். “இனிமே எந்திரிக்கவே மாட்டாருன்னு சொல்லிட்டாங்க டாக்டர்” என்றார் அவர் மனைவி.

தொப்புளுக்குக் கீழே பஞ்சும் தெரியவில்லை, குண்டூசி முனையும் தெரியவில்லை. கால் அசையவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையுறை போட்டு, ஆசனவாய்க்குள் விரலை வைத்து மெல்ல அழுத்தினேன்.

“ஏதோ அமுக்குற மாதிரி இருக்கு.”

அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, “இப்போ?” என்றேன். “இல்லை.” மறுபடி அழுத்தினேன். “இருக்கு.”

அவர் ‘ஏ’ இல்லை, ‘பி’. முந்தைய தாள்கள் எதிலும் இந்தப் பரிசோதனை செய்ததாகக் குறிப்பே இல்லை.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் ஃபிராங்கலும் சகாக்களும் 1969-இல் ஐந்து படிநிலைகளை வகுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏசியா எனப்படும் அமெரிக்க முதுகுத்தண்டுக் காயச் சங்கத்தின் அளவுகோல். அதன் முதல் வரையறை 1982-இல் வந்தது. உடம்பின் ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் உணர்வைப் பார்ப்போம். கூர்முனை எது, மழுங்கிய முனை எது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், ‘தொடுவது தெரிகிறது’ என்று அவர் சொன்னாலும் அந்த இடத்துக்கு ஊசிக் கணக்கில் பூஜ்யம்தான். அப்புறம் பக்கத்துக்குப் பத்து தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

ஆனால் ‘ஏ’யா இல்லையா என்பதை முடிவு செய்வது ஆசனவாய்ப் பகுதியைக் கவனிக்கும் தண்டுவடத்தின் கடைசிக் கண்ணி. அந்தப் பகுதிக்கான நரம்பிழைகள் தண்டுவடத்தின் வெளியோரமாக ஓடுகின்றன. நடுப்பகுதி நசுங்கினாலும் ஓரத்தில் சில இழைகள் தப்பலாம். ஆசனவாயில் உணர்வு மட்டும் மிச்சமிருந்தால் ‘பி’. அசைவும் மிச்சமிருந்தால் ‘சி’ அல்லது ‘டி’. காயத்துக்குக் கீழுள்ள அந்தத் தசைகளில் பாதியாவது புவியீர்ப்பை மீறி அசைந்தால் ‘டி’, அதற்குக் குறைந்தால் ‘சி’. எல்லாம் பழையபடி திரும்பியவர் ‘இ’.

எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த எழுத்து தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுவும் அடிபட்ட அன்றே போட்ட எழுத்தை நான் முழுசாக நம்புவதில்லை. தண்டுவட அதிர்ச்சி (அடிபட்டதும் காயத்துக்குக் கீழே தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழப்பது), மயக்க மருந்து, தலைக்காயம், குடி என்று எதுவும் பரிசோதனையைக் குழப்பிவிடும். 72 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது அதனால்தான்.

அந்த அம்மாவிடம், “நடந்துடுவாருன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா ஒரு வழி இன்னும் அடைபடலை” என்றேன். ஆறாவது மாதம், ஒருக்களித்துப் படுத்தபடி வலது முழங்காலை முழுசாக நீட்டினார். புவியீர்ப்பை எதிர்க்காத அசைவு என்பதால் 2 மதிப்பெண். தாளில் ‘சி’ என்று மாற்றி எழுதினோம். சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் கட்டிலிலிருந்து அதற்கு மாற ஒரு ஆள் உதவி போதுமாக இருந்தது. வந்தபோது மூன்று பேர் தூக்கினார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், உடம்புப் படம் வரைந்த அந்த ஏசியா தாளைக் கேட்டு வாங்குங்கள். அடியில் ஆசனவாய் உணர்வு, ஆசனவாய்ச் சுருக்கம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை காலியாக இருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.